லேன் கேபிள் வழியே கணினியின் ஒலி: மென்பொருள்களைச் சோதித்துத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

மேசையில் இரண்டு கணினிகள். ஒன்றில் கேமோ இசைத் தொகுப்போ ஓடுகிறது, இன்னொன்றில் ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருளைப் போட்டு நேரலை. ஹெட்போன் ஒன்றுதான். முதல் கணினியின் ஒலி இரண்டாவதில் கேட்கவும் வேண்டும், பதிவாகவும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஏற்கெனவே ஒரு லேன் கேபிள் ஓடுகிறது. அதிலேயே ஒலியையும் அனுப்பிவிடலாமே என்று தோன்றும். தாராளமாக அனுப்பலாம். இலவச மென்பொருளே அரை டஜன் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், இவற்றில் எதை நிறுவினாலும் முதல் பத்து நிமிடம் அருமையாகத்தான் இருக்கும். அதை நம்பி நேரலையில் உட்கார்ந்தால், நாற்பதாவது நிமிடத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. எனவே நிறுவும் முறையை மட்டும் சொல்லி இந்த வழிகாட்டி நிற்காது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் ஒலி சுத்தமாக வருகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை. அதற்குத்தான் இங்கே அதிக இடம்.

கேபிள் தாங்குமா?

தாங்கும். கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியை அளந்தெடுத்த எண்கள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என்று இரண்டு சேனல். பெருக்கினால் நொடிக்கு 1.536 மெகாபிட். பாக்கெட்டுகளின் (நெட்வொர்க்கில் ஒலி துண்டு துண்டாகப் போகும் பொட்டலங்கள்) தலைப்புச் சுமையைச் சேர்த்தாலும் 1.7 மெகாபிட்டைத் தாண்டாது. பழைய 100 மெகாபிட் சுவிட்சுக்கே இது தூசு. கேட் 5இ கேபிள் ஒன்று போதும், 100 மீட்டர் வரை இழுக்கலாம். கேட் 8 கேபிள் போட்டால் ஒலி தெளிவாகும் என்று யாராவது விற்க வந்தால் காசை மிச்சப்படுத்துங்கள்.

வைஃபையிலும் சராசரி வேகம் இதைவிடப் பல மடங்கு உண்டு. ஆனால் ஒலிக்குத் தேவை சராசரி வேகம் அல்ல, ஒரே சீரான வருகை. வைஃபையில் ஒரு பாக்கெட் 2 மில்லிநொடியில் வரும், அடுத்தது 60 மில்லிநொடி கழித்து வரும். கேபிளில் அந்தத் தள்ளாட்டம் பெரும்பாலும் ஒரு மில்லிநொடிக்குள் அடங்கிவிடும்.

அந்த ‘டிக்’ எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு கணினியின் சவுண்ட் கார்டுக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு. இரண்டுமே 48,000 என்று சொல்லிக்கொள்ளும், ஆனால் எதுவும் மிகச் சரியாக 48,000-இல் ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்பது சாதாரணம். அதாவது நொடிக்கு 2.4 சாம்பிள். அனுப்பும் கணினி கொஞ்சம் வேகம் என்றால், பெறும் கணினியின் பஃபரில், அதாவது வந்த ஒலி காத்திருக்கும் தற்காலிக இடத்தில், ஒலி மெல்ல மெல்லச் சேரும். மோட்டார் ஊற்றும் வேகமும் குழாய் திறந்திருக்கும் அளவும் ஒத்துப்போகாத மேல்நிலைத் தொட்டியின் கதைதான்: ஒன்று வழியும், இல்லை வற்றும். 256 சாம்பிள் இடைவெளி கொண்ட பஃபர் இந்தக் கணக்கில் இரண்டு நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். பெரிய பஃபர் வைத்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே. ஒரு மணி நேரத்தில் சேரும் வித்தியாசம் 180 மில்லிநொடி.

இதற்குத் தீர்வு மூன்று வகை. பஃபர் வழிந்ததும் கொஞ்சம் ஒலியை வெட்டி எறிவது ஒன்று. பெறும் பக்கத்தில் ஒலியைக் காதுக்குத் தெரியாத அளவுக்கு இழுத்தோ சுருக்கியோ சரிக்கட்டுவது இரண்டாவது. எல்லாக் கருவிகளையும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டிப்போடுவது மூன்றாவது. நீங்கள் சோதிக்கப்போகும் மென்பொருள் இதில் எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் சோதனையின் பாதி.

சோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் இரண்டு கணினியிலும் வைஃபையை அணையுங்கள். வைஃபை, கேபிள் இரண்டும் இயங்கிக்கொண்டிருந்து, நீங்கள் தவறுதலாக எதிர்க் கணினியின் வைஃபை முகவரியைக் கொடுத்துவிட்டால், கேபிள் செருகியிருந்தும் ஒலி காற்றில்தான் போகும். அப்புறம் கேபிளைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

ரவுட்டர் வழியாக இணைக்கலாம், நேராக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கும் இணைக்கலாம். இப்போதைய கிகாபிட் போர்ட்டுகளுக்கு கிராஸ் கேபிள் தேவையில்லை. நேராக இணைத்தால் முகவரியைக் கையால் கொடுத்துவிடுங்கள்: அனுப்பும் கணினிக்கு 192.168.50.1, பெறும் கணினிக்கு 192.168.50.2, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலியாக இருக்கட்டும். உங்கள் வீட்டு ரவுட்டர் இதே 50 வரிசையைப் பயன்படுத்தினால் வேறு எண் வையுங்கள்.

நேர் இணைப்பில் விண்டோஸ் ஒரு வேலை செய்யும். ரவுட்டர் இல்லாத நெட்வொர்க்கை ‘அடையாளம் தெரியாதது’ என்று வைத்து, பொது இடத்து நெட்வொர்க் என்ற கணக்கில் ஃபயர்வாலை இறுக்கிவிடும். ஒலி கிளம்பும், போய்ச் சேராது. மென்பொருளில் எல்லாம் பச்சையாக எரியும், காதில் ஒன்றும் விழாது. இதனால் கைவிடப்பட்ட சோதனைகள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். ஃபயர்வாலின் மேம்பட்ட அமைப்புகளுக்குப் போய், உள்வரும் விதிகளில் புதிய விதி ஒன்று சேர்க்க வேண்டும். வகை போர்ட், நெறிமுறை யுடிபி, எண் அந்தந்த மென்பொருளுக்கு உரியது. எல்லா வகை நெட்வொர்க்கிலும் பொருந்தும்படி டிக் செய்துவிடுங்கள். ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிட்டுச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அணைத்ததை மறுபடி போட மறந்துவிடுவோம் என்பதால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அடுத்து, நெட்வொர்க் கார்டின் பவர் சேமிப்பு. டிவைஸ் மேனேஜரில் ஈதர்நெட் கார்டைத் திறந்து ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் ‘எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்’, ‘கிரீன் ஈதர்நெட்’ என்று எது இருந்தாலும் அணைக்கவும். போக்குவரத்து குறைவாக இருக்கும்போது இணைப்பைத் தூங்கவிட்டு எழுப்பும் வசதி இது. சொட்டுச் சொட்டாக வரும் ஒலிப் பாக்கெட்டுகளுக்கு இது ஆகாது. லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி, பவர் அமைப்பை அதிகச் செயல்திறனுக்கு மாற்றுங்கள்.

கடைசியாக இரண்டு கணினியிலும் ஒலிச் சாதனங்களின் சாம்பிள் ரேட்டை 48,000 என்று ஒன்றாக்குங்கள். ஒன்று 44,100-இலும் மற்றது 48,000-இலும் இருந்தால் நடுவில் யாரோ மாற்றுவார்கள், யார் மாற்றுகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அதோடு சேர்த்துச் சோதித்தால் முடிவு குழம்பும்.

எதிர்க் கணினியிலிருந்து பதில் வரும் நேரத்தைக் காட்டும் பிங் கட்டளையைத் தொடர்ந்து சில நிமிடம் ஓடவிடுங்கள். பதில் நேரம் 1 மில்லிநொடியோ அதற்கும் கீழோ இருக்க வேண்டும், ஒன்றுகூடத் தவறக் கூடாது. இங்கேயே தவறினால் கேபிளை மாற்றுங்கள்.

முதல் சோதனை: வாய்ஸ்மீட்டரும் வி-பேனும்

விண்டோஸ் கணினிகள் என்றால் நான் இதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். வி-பேன் என்பது விபி-ஆடியோ நிறுவனத்தின் நெறிமுறை. எளிமையானது: 28 பைட் தலைப்பு, அதன் பின்னால் சுருக்கப்படாத ஒலி, யுடிபி போர்ட் 6980. ஒரு பாக்கெட்டில் அதிகபட்சம் 256 சாம்பிள், அதாவது 5.3 மில்லிநொடி ஒலி. அதே நிறுவனத்தின் வாய்ஸ்மீட்டர் மிக்சருக்குள்ளேயே இது இருக்கிறது. விரும்பினால் காசு கொடுக்கலாம் என்ற வகை மென்பொருள். மூன்று பதிப்புகளில் நடுவில் உள்ள ‘பனானா’ போதும். திரை முழுக்கப் பொத்தான்களாகத்தான் இருக்கும், மிரள வேண்டாம். நமக்கு வேண்டியவை நாலைந்துதான்.

1. இரண்டு கணினியிலும் பனானாவை நிறுவி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால் மெய்நிகர் சாதனங்கள் ஒழுங்காகத் தெரியாது.

2. அனுப்பும் கணினியில் விண்டோஸின் ஒலி வெளியீட்டை ‘வாய்ஸ்மீட்டர் இன்புட்’ என்று மாற்றுங்கள். வலது மேல் மூலையில் ஏ1 என்ற இடத்தில் அந்தக் கணினியின் உண்மையான ஸ்பீக்கரையோ சவுண்ட் கார்டையோ தேர்ந்தெடுங்கள். பெயருக்கு முன்னால் டபிள்யூடிஎம் என்று இருப்பதே நல்லது. இந்த ஏ1-ஐ ஏனோதானோ என்று விடாதீர்கள். மிக்சர் முழுவதும் இந்தச் சாதனத்தின் கடிகாரத்தில்தான் ஓடுகிறது.

3. விண்டோஸ் ஒலி வந்து சேரும் மெய்நிகர் பட்டையில் (மிக்சரில் ஒரு ஒலிக்கு உரிய நெடுவரிசை) பி1 என்ற மெய்நிகர் வெளியீட்டின் பொத்தானை அழுத்துங்கள். இங்கேயும் கேட்க வேண்டும் என்றால் ஏ1-ம் எரியட்டும், வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். நெட்வொர்க்குக்குப் போவது பி1 என்பதால் அது பாதிக்காது.

4. வி-பேன் பொத்தானை அழுத்தினால் தனிச் சாளரம் திறக்கும். மேலே உள்ள மொத்த சுவிட்சை இயக்குங்கள். வெளியே போகும் வரிசைகளில் முதலாவதில் மூலம் பி1, பெயர் ஏதாவது ஒன்று, முகவரி 192.168.50.2, போர்ட் 6980, சாம்பிள் ரேட் 48,000, இரண்டு சேனல், 16 பிட். பெயர் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு அந்த வரிசையின் ‘ஆன்’.

5. பெறும் கணினியில் ஏ1-இல் ஹெட்போன் உள்ள சாதனம். வி-பேன் சாளரத்தில் உள்வரும் வரிசையில் அதே பெயர், எழுத்து பிசகாமல், முகவரி 192.168.50.1. சேர வேண்டிய இடமாக மூன்றாவது பட்டையைக் கொடுத்து, அந்தப் பட்டையில் ஏ1, பி1 இரண்டையும் அழுத்துங்கள். ஏ1 காதுக்கு, பி1 பதிவுக்கு. ஓபிஎஸ்ஸிலோ ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளிலோ ‘வாய்ஸ்மீட்டர் அவுட் பி1’ என்பதை மைக்காகத் தேர்ந்தெடுத்தால் ஒலி பதிவாகும்.

6. உள்வரும் வரிசையில் ‘நெட் குவாலிட்டி’ என்று ஒரு தேர்வு இருக்கும். ‘ஆப்டிமல்’ என்றால் மிகச் சிறிய பஃபர். அங்கிருந்து ஃபாஸ்ட், மீடியம், ஸ்லோ என்று பஃபர் பெருகிக்கொண்டே போகும். ‘ஃபாஸ்ட்’ வைத்துத் தொடங்குங்கள்.

ஒலி வரவில்லை என்றால் பார்க்க வேண்டிய வரிசை: இரண்டு பக்கமும் மொத்த சுவிட்ச், பெயர், ஃபயர்வால். பத்தில் ஒன்பது முறை இந்த மூன்றில் ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. வி-பேனில் மறையாக்கம் கிடையாது. அதே நெட்வொர்க்கில் இருக்கும் யாரும் விரும்பினால் கேட்க முடியும். ரவுட்டரில் 6980-ஐ இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

தாமதத்தை அளப்பது

காதால் கேட்டு ‘தாமதமே இல்லை’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. அளந்து பாருங்கள், ஒரு ஃபோன் போதும். இரண்டு கணினியிலும் ஸ்பீக்கரை இணைத்து, அனுப்பும் கணினியில் ஏ1-ம் ஒலிக்கட்டும். ‘டக்’ என்று ஒரு கூரான சத்தத்தை ஓடவிட்டு ஃபோனில் பதியுங்கள். ஃபோன் இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒலி ஒரு மீட்டரைக் கடக்கவே கிட்டத்தட்ட 3 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும். பதிவை ஆடாசிட்டியில் திறந்து பெரிதாக்கினால் இரண்டு முகடுகள் தெரியும். நடுவில் உள்ள தூரம்தான் நெட்வொர்க் வழியில் கூடிய தாமதம். 48,000-இல் 480 சாம்பிள் என்றால் 10 மில்லிநொடி.

அனுப்பும் கணினியின் ஸ்பீக்கருக்கும் சொந்தத் தாமதம் உண்டு என்பதால் இது வித்தியாசத்தைத்தான் காட்டுகிறது, மொத்தத் தாமதத்தை அல்ல. ஒரு மென்பொருளை இன்னொன்றோடு ஒப்பிட இது போதும்.

எவ்வளவு தாமதம் பரவாயில்லை என்பது வேலையைப் பொறுத்தது. படம் பார்க்கும்போது ஒலி பிந்துவதை மனிதர்கள் கவனிக்கத் தொடங்குவது 125 மில்லிநொடி அளவில் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை சொல்கிறது. ஒலி முந்தினால் 45 மில்லிநொடியிலேயே தெரிந்துவிடும். பதிவு செய்து பிறகு தொகுப்பவருக்கு ஒரு நொடி தாமதமும் பிரச்சினை இல்லை. கீபோர்டு வாசித்துக்கொண்டே தன் ஒலியைக் கேட்பவருக்கு 10 மில்லிநொடியைத் தாண்டினால் விரல் தடுமாறும்.

ஒரு மணி நேரச் சோதனை

இதைத்தான் யாரும் செய்வதில்லை, இதுதான் முடிவைச் சொல்லும். பாட்டைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. தாளத்துக்குள் சின்ன ‘டிக்’ மறைந்துவிடும். சைன் அலை, அதாவது ஒரே சுருதியில் நீளும் ஒலி வேண்டும். ஆடாசிட்டியின் ‘ஜெனரேட்’ மெனுவில் ‘டோன்’ என்பதைத் தேர்ந்து ஒரு மணி நேர நீளத்துக்கு உருவாக்குங்கள்.

அதிர்வெண்ணாக எல்லோரும் 1000 ஹெர்ட்ஸ் போடுவார்கள். நீங்கள் 997 போடுங்கள். காரணம் இருக்கிறது. 48,000-இல் 1000 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று மிகச் சரியாக 48 சாம்பிள். மென்பொருள் 240 சாம்பிளையோ 480 சாம்பிளையோ வெட்டி எறிந்தால் போனது முழுச் சுற்றுகள். வெட்டிய இரு முனைகளும் தடமே தெரியாமல் ஒட்டிக்கொள்ளும், குறை ஒளிந்துகொள்ளும். 997-இல் இந்தப் பொருத்தம் விழாது, எந்த வெட்டும் முறிவாகத் தெரியும். ஒலிக்கருவிகளை அளப்பவர்கள் 997-ஐ எடுத்துக்கொள்வதும் இப்படிப்பட்ட பொருத்தங்களைத் தவிர்க்கத்தான்.

அனுப்பும் கணினியில் இதை ஒலிக்கவிட்டு, பெறும் கணினியில் ஒரு மணி நேரம் பதியுங்கள். ஒற்றைச் சேனல், 16 பிட் என்றால் சுமார் 345 எம்பி இடம் பிடிக்கும். காதைக் கொடுத்துக் கேட்கத் தேவையில்லை, பைத்தியம் பிடித்துவிடும். முடிந்ததும் பதிவை, எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் இருக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றுங்கள். சுத்தமான ஒலி என்றால் 997-இல் ஒரு கிடைக்கோடு, மேலும் கீழும் வெறும் இருட்டு. ஒவ்வொரு ‘டிக்’கும் அந்த இருட்டைக் கிழித்துக்கொண்டு மேலிருந்து கீழே செங்குத்துக் கோடாக நிற்கும். எண்ணிவிடலாம்.

கோடுகளின் இடைவெளியைக் கவனியுங்கள். ஏழு நிமிடத்துக்கு ஒன்று, ஏழு நிமிடத்துக்கு ஒன்று என்று ஒழுங்காக வந்தால் அது கடிகார வித்தியாசம். மென்பொருள் வெட்டி எறியும் வகையைச் சேர்ந்தது. பஃபரைப் பெருக்கினால் இடைவெளி கூடலாம், ஒழியாது. ஒழுங்கில்லாமல் கொத்துக் கொத்தாக வந்தால் கணினியின் டிரைவரோ நெட்வொர்க்கோ திணறுகிறது. அதற்கு லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டால் எந்த டிரைவர் நேரத்தைத் தின்கிறது என்று காட்டும். இந்த வகைக்கு ‘நெட் குவாலிட்டி’யை ஒரு படி இறக்குவது (ஃபாஸ்ட்டிலிருந்து மீடியத்துக்கு) உண்மையிலேயே பலன் தரும்.

இதோடு, ஒரு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் தாமதத்தை அளந்து வையுங்கள். ‘டிக்’ இல்லாமலே தாமதம் மட்டும் வளர்ந்துகொண்டு போனால், பஃபர் இன்னும் வழியவில்லை என்று பொருள். மூன்று மணி நேர நேரலையில் வழியும்.

அடுத்து சுமை. அதே கேபிளில் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துக்கொண்டே பதியுங்கள். ஓபிஎஸ்ஸை ஓடவிடுங்கள். கேபிளைப் பிடுங்கிப் பத்து நொடி கழித்துச் செருகுங்கள், கணினியைத் தூங்கவிட்டு எழுப்புங்கள். தானாக மீண்டு வருகிறதா, இல்லை நீங்கள் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கிறதா? தினமும் பயன்படுத்தப்போகும் மென்பொருளுக்கு இது ஒலித் தரத்துக்குச் சமமான கேள்வி.

மற்ற மென்பொருள்கள்

இதே மூன்று சோதனைகளை இவற்றுக்கும் செய்யலாம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் இயக்க வேண்டும்.

ஸ்கிரீம்: விண்டோஸில் ஒரு மெய்நிகர் சவுண்ட் கார்டாக உட்கார்ந்து, வரும் ஒலியை அப்படியே நெட்வொர்க்கில் ஊற்றும் திறமூல டிரைவர். மிக்சர், பொத்தான் எதுவும் இல்லை. விண்டோஸிலிருந்து லினக்ஸ் பெட்டி ஒன்றுக்கு அனுப்பப் பொருத்தமானது. ஆனால் இயல்பாகவே மல்டிகாஸ்ட் முறையில் (ஒரு கணினிக்கு என்றில்லாமல் ஒரு குழுவுக்கு அனுப்புவது), 239.255.77.77 முகவரிக்கு, போர்ட் 4010-இல் அனுப்பும். மலிவான சுவிட்ச் மல்டிகாஸ்டை எல்லாப் போர்ட்டுக்கும் கொட்டும். அதில் ஒன்றில் வைஃபை ரவுட்டர் இருந்தால் அது அந்த ஒலியைக் காற்றிலும் மெதுவான வேகத்தில் பரப்பத் தொடங்கும். வீட்டில் வைஃபை தவழ்கிறது என்று மற்றவர்கள் சத்தம் போடுவார்கள். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி அமைப்பில் ஒற்றை முகவரிக்கு மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஸ்னாப்காஸ்ட்: வேறு வேலைக்கான கருவி. வீட்டின் பல அறைகளில் ஒரே பாட்டு ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும் என்றால் இதை மிஞ்ச எனக்கு வேறு தெரியவில்லை. பெறும் கருவிகள் சர்வரின் நேரத்தோடு தங்களை ஒத்திசைத்துக்கொண்டே இருப்பதால் கடிகாரப் பிரச்சினை இல்லை. விலை, தாமதம்: இயல்பாக 1000 மில்லிநொடி. கேமுக்கும் வீடியோவுக்கும் வேண்டாம்.

பைப்வயர்: இரண்டு பக்கமும் லினக்ஸ் என்றால் வெளியே தேட வேண்டாம். ஃபெடோரா 34 முதலும் உபுண்டு 22.10 முதலும் இயல்பான ஒலி அமைப்பே இதுதான். நெட்வொர்க்கில் ஒலி அனுப்பும் பொது நெறிமுறையான ஆர்டிபி முறையில் அனுப்பவும் பெறவும் இதற்குள்ளேயே துணைக்கூறுகள் உள்ளன. வி-பேனுக்கும் உண்டு, ஆக விண்டோஸ் வாய்ஸ்மீட்டரோடும் பேசும். அமைப்புக் கோப்பைக் கையால் எழுதத் தயங்காதவர்களுக்கு.

டான்டே: நெட்வொர்க் வழியே ஒலி அனுப்பும் தொழில்முறை ஏற்பாடு, சிட்னியின் ஆடினேட் நிறுவனத்தினுடையது. அரங்குகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் அதிகம் புழங்குவது. மூன்றாவது வகைத் தீர்வு: நெட்வொர்க் முழுக்க ஒரே கடிகாரம். டான்டே விர்ச்சுவல் சவுண்ட்கார்டு கட்டண மென்பொருள், வாங்குமுன் பார்க்கச் சோதனைக் காலம் தருகிறார்கள். 48,000-இல் 64 சேனல் உள்ளே, 64 வெளியே. தாமதத்தை 4, 6, 10 மில்லிநொடி என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வாங்க ஓடுமுன் ஒன்று: இந்த மென்பொருள் தானே தலைமைக் கடிகாரமாக இருக்காது. டான்டே மிக்சரோ இன்டர்ஃபேஸோ ஏதாவது ஒரு வன்பொருள் நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். வெறும் இரண்டு கணினிகளை இணைக்க நினைப்பவர் அதே நிறுவனத்தின் டான்டே வயாவைப் பார்க்கலாம். ஏற்கெனவே டான்டே மிக்சர் வைத்திருப்பவருக்கு இதில் யோசிக்க எதுவுமில்லை. மற்றவர்களுக்கு இது பெரிய செலவு.

எதை வைத்துக்கொள்வது?

இரண்டு விண்டோஸ் கணினி, நேரலை அல்லது பதிவு என்றால் என் தேர்வு வி-பேன். ஒரு மணி நேரப் பதிவில் ஓரிரண்டு கோடு தெரிந்தாலும் பேச்சு நிகழ்ச்சிக்கு அது யாருக்கும் கேட்காது. மெல்லிய பியானோ பதிவு என்றால் அந்த ஓரிரண்டும் கூடாது. அங்கே அனுப்பும் கணினியிலேயே பதிவு செய்துவிட்டு, நெட்வொர்க்கைக் கேட்க மட்டும் வைத்துக்கொள்வேன். இரண்டு கணினியும் ஒரே மேசையில்தான் என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள்: லைன் அவுட்டிலிருந்து லைன் இன்னுக்கு ஒரு 3.5 மிமீ ஆடியோ கேபிள். கடிகாரம், ஃபயர்வால் எந்தத் தொல்லையும் இல்லை. லேசான இரைச்சல் வந்தால் கிரவுண்ட் ஐசோலேட்டர் ஒன்று போட வேண்டியிருக்கும்.

தேர்ந்தெடுத்த பிறகு வாய்ஸ்மீட்டரின் மெனுவில் அமைப்பைக் கோப்பாகச் சேமித்து, விண்டோஸோடு சேர்ந்தே தொடங்கும்படி டிக் செய்யுங்கள். தேறாத மென்பொருள்களை நீக்குங்கள். நீக்கிய பிறகு ஒலிச் சாதனங்களின் பட்டியலை ஒரு முறை பாருங்கள், மெய்நிகர் கார்டு ஏதாவது மிச்சமிருந்தால் டிவைஸ் மேனேஜரில் அகற்றலாம். அவற்றுக்காகத் திறந்த ஃபயர்வால் விதிகளையும் அழித்துவிடுங்கள்.